முக்கால் அங்குலம்

என் கணவர் இறந்த பதினேழாம் நாள், நிலத்துக்காரக் கம்பெனியின் மேனேஜர் எங்கள் சமையலறைத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு அடுப்பைத் தாண்டி, மேசைக்காலை உரசிக்கொண்டு, வாசற்பக்கம் உருண்டுபோய்ச் சுவரில் டொக்கென்று முட்டி நின்றது.

"பாத்தீங்களாம்மா?" என்றார். குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். எங்கள் பதினான்கு வீடுகளும் எங்களுடையவை; வீடுகள் நிற்கும் மண் கம்பெனியுடையது. பழைய முதலாளியிடமிருந்து அதை அவர்கள் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. பழைய ஒப்பந்தப்படி, வீடு மட்டமாக நிற்கும்வரை எங்களைக் கிளப்ப முடியாது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கிளப்பலாம். இருபத்திரண்டு வருடங்களாக நிலத்துக்காரர் பக்கத்திலிருந்து யாரும் அளந்து பார்த்ததில்லை. இப்போது, மூன்று வாரம் கழித்து, இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து ஒவ்வொரு வீட்டையும் அளப்பார். தேறாத வீட்டை அப்புறப்படுத்துவார்கள்.

அப்புறப்படுத்துவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். இந்த வயதுக்கு எங்கள் வீடுகளை வண்டியில் ஏற்றினால் தெருமுனை தாண்டாது. உடைத்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

அவர் போனபின் கோலிக்குண்டு சுவரோரமே கிடந்தது. அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அது ஏன் உருண்டது என்று எனக்குத் தெரியும். மற்ற வீடுகள் மண் இறங்கிச் சாய்ந்திருக்கலாம். எங்கள் வீடு அப்படிச் சாயவில்லை. என் கணவர் அதை வேண்டுமென்றே சாய்த்து வைத்திருந்தார்.

எங்கள் வீடுகள் தொழிற்சாலையில் செய்தவை. நீளவாக்கில் இரண்டு பாதிகளாகச் செய்து, ஒவ்வொரு பாதியையும் சக்கரம் பூட்டிய இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து இழுத்து வருவார்கள். வந்த இடத்தில் காங்கிரீட் கட்டைகளை அடுக்கித் தூண் எழுப்பி, பாதிகளை அதன்மேல் இறக்கி, நடுக்கோட்டில் போல்ட் போட்டு ஒன்றாக்குவார்கள். தூணுக்கும் சட்டத்துக்கும் இடையில் மர ஆப்பு. பிறகு அடியில் இருப்பது எதுவும் வெளியே தெரியாதபடி சுற்றிலும் தகரம். தகரம் அடிப்பதை என் கணவர் 'வீட்டுக்குப் பாவாடை கட்டறது' என்பார். ஊருக்குள் இருப்பவர்கள் எங்கள் வீடுகளைப் பெட்டி என்பார்கள். பெட்டியிலா குடியிருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, எதிர்வீட்டுத் தையல்காரி ஒருமுறை, "பெட்டிதாங்க, சாவி எங்ககிட்ட இருக்குல்ல" என்று பதில் சொன்னாள். அவளுக்கு இங்கே ரேடியோ என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

என் கணவருக்கு அந்தத் தொழிற்சாலையில் வீடு நிறுத்தும் வேலை. இந்தப் பதினான்கில் பதினொன்றை நிறுத்தியவர் அவர்தான். வண்டி போன பிறகும் வீட்டைக் கைவிட மாட்டார். வருடா வருடம் மழை முடிந்து மண் காய்ந்ததும், ஜாக்கியையும் தண்ணீர் நிரப்பிய நீண்ட பிளாஸ்டிக் குழாயையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஊர்ந்துபோவார். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதை வைத்து எந்தத் தூண் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, தூக்கி, ஆப்பு மாற்றுவார். யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமலேயே செய்வார். நோய் வந்த கடைசி இரண்டு வருடம் அது நடக்கவில்லை. கம்பெனிக்கு அது தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் அளப்பதற்கு இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு எழுதப் படிக்க வராது. நான் அதே தொழிற்சாலையில் லேபிள் பிரிவில் இருந்தவள். படிப்பில் கொஞ்சம் பித்து. புது ஆட்களுக்கு ஒரு கையேடு எழுதினால் நன்றாயிருக்கும் என்று யாரோ மேலதிகாரி சொல்லிவிட்டுப் போக, சாப்பாடு முடிந்த பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று நோட்டுகள் ஆயின. மேலதிகாரி மாறிப்போனார், நோட்டு வீட்டிலேயே நின்றுவிட்டது. ஆனால் ஒரு ஜாக்கியைக்கூடத் தொடாமல் அந்த வேலை முழுவதும் எனக்குக் காது வழியாக வந்திருந்தது. வந்திருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் எல்லா வீட்டிலும் குண்டு உருட்டிவிட்டுப் போனதும் ரேடியோவின் வீட்டில் கூடினோம். அவள் கணவர் பஸ் ஓட்டுபவர், எதையும் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே பேசுவார். ஊரில் வீடு நிறுத்தும் குழுக்கள் இரண்டு. இரண்டையும் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று என்றார். ஒரு குழு வேலை நிறைய இருக்கிறது என்றதாம். இன்னொன்று கொஞ்சம் நேர்மையாக, கம்பெனியின் புது மனைகளில் நூறு வீடு நிறுத்தும் வேலை வரப்போகிறது, பகைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டதாம்.

நான் செய்கிறேன் என்றேன்.

எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். ரேடியோகூட.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க," என்றார் டிரைவர். "அண்ணன் சொன்னத நீங்க எழுதினீங்க, ஒத்துக்கறேன். நோட்ட ஜாக்கிகிட்ட படிச்சுக் காட்டினா அது தூக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "உங்க வீட்டுலயே ஆரம்பிக்கலாம்," என்றேன்.

மறுநாள் காலை என் கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் விரித்துப் படுக்கும் ரப்பர் பாயை இழுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்கு அடியில் நுழைந்தேன். அங்கே முட்டி போடக்கூட இடமில்லை. சிலந்தி, ஈர மண், மேலே யாரோ நடக்கும் சத்தம். இருபது வருடம் ஒருவர் இங்கிருந்து வீட்டுக்கு வந்து, கை கழுவி, நேற்று என்ன படித்தாய் என்று கேட்டிருக்கிறார். நான் ஒருநாளும் குனிந்து எட்டிப் பார்த்ததில்லை.

குழாயில் தண்ணீர் சரியாகவே காட்டியது. குளியலறைக்குக் கீழே ஒரு தூண் நன்றாக இறங்கியிருந்தது. நோட்டைத் திறந்தேன். 'ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் தூக்கக் கூடாது' என்று என் அழகான கையெழுத்தில் இருந்தது. ஜாக்கியை வைத்து அரை அங்குலம் தூக்கினேன்.

மேலே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். குளியலறை ஜன்னல் கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டது. கூடவே கதவுச் சட்டம் கோணி, கதவு இறுகிக்கொண்டது. உள்ளே ரேடியோ தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணிநேரம் அவள் உள்ளே இருந்தாள். அந்த முக்கால் மணிநேரமும் பேசினாள். என்னைப் பற்றி, நோட்டைப் பற்றி, கம்பெனியைப் பற்றி, பெண் கேட்டு வந்த நாளில் அவள் அப்பா எடுத்த தவறான முடிவைப் பற்றி. டிரைவர் கதவுக்கு வெளியே நின்று, "சரி, சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜாக்கியை இறக்க இறக்கத்தான் கதவு வழிவிட்டது.

அண்ணன் இப்படித் தூக்கியதில்லையே என்று டிரைவர் கேட்டார். அவர் கோபப்படாதது எனக்கு இன்னும் கஷ்டமாயிருந்தது. ஏதோ பார்ப்பதுபோல அந்தச் சட்டையின் பைக்குள் கையை விட்டேன். தேய்ந்துபோன ஒரு நாணயம் கையில் பட்டது. அவர் செலவழிக்காமல் எப்போதும் வைத்திருக்கும் நாணயம். அதைத் தொட்டதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் சொன்னது அரை அங்குலம் இல்லை. "ஒரு காசுக் கனம் தூக்கு. அடுத்த தூணுக்குப் போ. அங்க ஒரு காசுக் கனம். சுத்தி வா. திரும்ப முதல்லேர்ந்து." அதுதான் அவர் சொன்னது. காசுக் கனம் என்று ஒரு கையேட்டில் எழுதினால் யார் மதிப்பார்கள் என்று நான் கேட்டேன். அங்குலத்தில் சொல்லுங்கள் என்றேன். அவருக்குப் போரடித்துவிட்டது. "ஏதோ ஒண்ணு போட்டுக்கோ, உனக்குத்தான் தெரியும்" என்று எழுந்து போய்விட்டார். நான் அரை என்று போட்டேன். பார்க்க நன்றாயிருந்தது.

வாழ்நாள் முழுக்க அவருடைய பேச்சைத் திருத்தியிருக்கிறேன். அன்று டிரைவரிடமும், துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற ரேடியோவிடமும் அதை ஒப்புக்கொண்டேன். ரேடியோ கொஞ்சநேரம் என்னை முறைத்தாள். "சரி, அந்தக் காசக் குடுங்கக்கா, பாக்கலாம்," என்றாள். பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "கண்ணாடிக்கு அட்டை ஒட்டிக்கறேன். நாளைக்கு நான் குளிக்கலை. நீங்க தூக்குங்க."

அதன்பிறகு காசுக் கனம்தான். ஒரு தூண், அடுத்த தூண், நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து, சுற்றிச் சுற்றி. ஒரு பக்கம் மட்டும் ஏறினால் நடுவில் வாய் பிளந்துவிடும். டிரைவர் ஷிப்டு முடிந்து வந்து ஜாக்கி அடித்தார். ரேடியோ குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து தண்ணீர் மட்டம் சொன்னாள்; வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேச்சுக்கு ஒரு பயன் கிடைத்திருக்கிறது என்றார் அவள் கணவர். மூன்றாம் வீட்டில் என் முழங்கை தோலுரிந்தது. ஆறாம் வீட்டில் பயம் போயிற்று. பத்தாம் வீட்டில் ஒரு தூணின் மேல் கைவைத்ததும், குழாய் சொல்வதற்கு முன்பே, இது இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது. பதினெட்டு நாளில் பதின்மூன்று வீடுகள் முடிந்தன.

எங்கள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

கடைசி வருடத்தில் அவரால் படுத்தால் மூச்சுவிட முடியவில்லை. தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கச் சொன்னார் டாக்டர். கட்டில் காலுக்கு இரண்டு செங்கல் வைத்தால் போதும் என்றார். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "வீடு நிறுத்தறவன் கட்டிலுக்குச் செங்கல் வெப்பானா?" என்றார். நான் ஒருநாள் முழுக்க வெளியூர் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு அடியில் நுழைந்துவிட்டார். திரும்பி வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்து மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தார், முகமெல்லாம் மண், வெற்றிச் சிரிப்பு. படுக்கையறை இருக்கும் முனையை இரண்டு அங்குலம் தூக்கியிருந்தார். நாற்பது அடி வீட்டில் இரண்டு அங்குலம் என்றால், கட்டில் நீளத்துக்கு ஒரு தீப்பெட்டியின் கனம்கூட வராது. அந்தக் கணக்கை நான் அவரிடம் சொல்லவில்லை. திட்டினேன், அழுதேன், சொல்லவில்லை.

மறுநாள் அவர் குளிக்கும்போது கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்தேன். அவர் வந்தார், செங்கலைப் பார்த்தார், பார்க்காததுபோலப் படுத்தார். அன்று நன்றாகத் தூங்கினார். காலையில் எழுந்து, "பாத்தியா, வீட்டத் தூக்கினதும் மூச்சு வருது," என்றார். ஆமாம் என்றேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் சோப்பு வழுக்கிக்கொண்டு போகும், ஸ்பூன் மேசையிலிருந்து உருளும். நாங்கள் அதற்குப் பழகிக்கொண்டோம்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் படுக்கையறைக்கு அடியில் நுழைந்தேன். கடைசித் தூணின் பக்கவாட்டில் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. ஐந்து ஐந்தாக, மொத்தம் இருபத்தைந்து. அடுத்த தூணில் இருபது. அதற்கடுத்ததில் பதினைந்து. ஒரு கோடு என்றால் ஒரு காசுக் கனம். மூச்சில்லாத மனிதர், ஒவ்வொரு தூணாகச் சுற்றிச் சுற்றி வந்து, இருபத்தைந்து முறை தூக்கியிருக்கிறார். பின்னால் இறக்க வேண்டியவருக்குக் கணக்குத் தெரியட்டும் என்று கோடு போட்டிருக்கிறார். எனக்காகப் போட்டார் என்று சொல்ல மாட்டேன். எல்லா வீட்டிலும் அவர் அப்படித்தான் செய்வார்.

ஒரு காசுக் கனம் இறக்கினேன், முழங்கையால் ஒரு கோட்டை அழித்தேன். அடுத்த தூணுக்குப் போனேன். அழுதேனா என்று கேட்டால், அங்கே அழ இடம் இல்லை. கண்ணில் மண் விழுந்துகொண்டேயிருந்தது. பதினாறு முறை இறக்கியதும் கடைசித் தூணில் ஒன்பது கோடு மிஞ்சியது. ஒன்பது காசுக் கனம். அங்குலக் கணக்கில், முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு.

கையை எடுத்துவிட்டேன்.

வெளியில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த ரேடியோ, இன்னும் இருக்கிறது, இறக்குங்கள் என்றாள். முடிந்தது என்றேன். அவள் குனிந்து தகர இடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, மத்தவங்க வீடெல்லாம் மயிரிழை சுத்தமா வெச்சிட்டு, உங்க வீட்ட மட்டும் ஏன் இப்படி விடறீங்க? நாளைக்கு அவன் கருவி கொஞ்சம் கூடக் காட்டினா என்ன பண்ணுவீங்க?"

"ஒப்பந்தத்துல எவ்வளவு விட்டிருக்கான்?"

"ஒரு அங்குலம்."

"அது அவன் குடுத்ததில்ல. இருபத்திரண்டு வருஷமா நம்ம கையில இருக்கறது. அதுல முக்கால் எனக்கு வேணும்."

அவள் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், சலித்துப்போன முகம், பளபளவென்று தேய்த்த சட்டை. மேனேஜர் அவருக்குப் பின்னால் குடை பிடிக்காத குறையாக வந்தார். பதின்மூன்று வீடுகளிலும் கருவியைத் தரையில் வைத்து அளந்தார்கள். பதின்மூன்றும் தேறின. ஒவ்வொரு வீட்டிலிருந்து வெளியே வரும்போதும் மேனேஜரின் முகத்தில் இருந்த இரக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது துளியும் இல்லை. இதற்குள் எல்லா வீட்டுக்காரர்களும் என் படிக்கட்டைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

மேனேஜர் இன்னொரு கோலிக்குண்டு கொண்டுவந்திருந்தார். தரையில் வைத்தார். அது உருண்டது. மெதுவாக, ஆனால் உருண்டது. பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் கருவியை இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றேகால் அங்குலம் என்றார்.

படுக்கையறைத் தரைப்பலகை பல மழைகளில் ஊறி உப்பியிருந்தது. முந்தினநாள் நான் அதை நினைக்கவில்லை. மேனேஜர் பேனாவைத் திறந்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"சார், நீங்க அளந்தது என் தரைய," என்றேன். "வீட்ட அளக்கலை."

ஒப்பந்தத்தை எடுத்தேன். மட்டம் பார்ப்பது வீட்டைச் செய்த தொழிற்சாலையின் விதிப்படி என்று அதில் இருந்தது. தொழிற்சாலையின் விதிப்புத்தகத்தை எடுத்தேன். என் கணவருக்கு நூறு தடவையாவது அதை வாசித்துக் காட்டியிருப்பேன். பக்கம் தேடத் தேவையில்லை. மட்டத்தை இரும்புச் சட்டத்தின் அடியில் பார்க்க வேண்டும், தரை விரிப்பின் மேலோ பலகையின் மேலோ பார்க்கக் கூடாது என்பதை உரக்கப் படித்தேன். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

அதெல்லாம் பழைய புத்தகம் என்றார் மேனேஜர். வீடும் பழசுதான் என்றார் டிரைவர்.

இன்ஸ்பெக்டர் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு நான் கழற்றி வைத்திருந்த தகரத்துக்குப் பின்னால் தெரிந்த இருட்டைப் பார்த்தார்.

"கீழ போகணுமா?"

"நான் முன்னாடி போறேன் சார். பாய் இருக்கு. தலைய மட்டும் பாத்துக்குங்க."

அவரிடம் ரப்பர் பாயைக் கொடுத்துவிட்டு நான் வெறும் மண்ணில் ஊர்ந்தேன். அவர் பின்னால் வந்தார், திட்டிக்கொண்டேதான் வந்தார், ஆனால் வந்தார். சட்டத்தில் கருவியை வைத்தார். மறுமுனைக்குப் போய் வைத்தார். என் குழாயையும் பிடிக்கச் சொல்லி ஒருமுறை சரிபார்த்தார். கடைசித் தூணுக்கு வந்தபோது டார்ச் வெளிச்சம் சாக்பீஸ் கோடுகளின் மேல் நின்றது. ஒன்பது கோடு, அழித்த பதினாறின் வெள்ளைத் தடம். அவர் என்னைப் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார்.

வெளியே வந்து, சட்டையைத் தட்டிவிட்டு, முக்காலுக்குச் சற்றுக் குறைவு, தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், இவங்க வேணும்னே சாய்ச்சு வெச்சிருக்காங்க," என்றார் மேனேஜர்.

"ஆமா தம்பி," என்றேன். "வேணும்னேதான்."

அவர் பேனாவை வாங்கி மூடினார். அடுத்த வருடமும் அளப்போம் என்றார். வரும்போது பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள் என்று ரேடியோ சொன்னாள். அதன்பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை; கார் தெருமுனை திரும்பும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபின் நோட்டை எடுத்தேன். 'அரை அங்குலம்' என்பதை அடித்துவிட்டு, மேலே, ஒரு காசுக் கனம் என்று எழுதினேன். மேனேஜரின் இரண்டாவது கோலிக்குண்டும் சுவரோரம் கிடந்தது. அதையும் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அது மெதுவாக வாசற்பக்கம் நகர்ந்துபோய், மூலையில் கிடந்த முதலாவதைத் தொட்டு நின்றது.

செங்கல்களை நான் எடுக்கவில்லை. கட்டிலில் என் கணவர் படுத்த பக்கத்தில்தான் படுக்கிறேன். மழை முடிந்து மண் காய்ந்ததும் முதலில் டிரைவர் வீட்டுக் குளியலறைத் தூணைப் பார்க்க வேண்டும்.